வீட்டுக்குப் பத்துச் சிரட்டை

(அருமனையில் ஒரு ஞாயிறு மாலை ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேசைமேல் ஒரு வெட்டுகத்தி வைத்திருக்கிறேன். நான் பேசப் பேச அது முன்வரிசையிலிருந்து பின்வரிசைவரை கைமாறிப் போகட்டும். கூர் இருக்கிறது, மதில்மேல் ஏறியிருக்கிற பிள்ளைகள் கையில் மட்டும் கொடுக்க வேண்டாம். பிடியை ஒட்டிய இடத்தில் முதுகு எவ்வளவு கனம், மூக்குப் பக்கம் போகப் போக எப்படி மெலிகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். அந்த வளைந்த மூக்கு அழகுக்காக வைத்தது இல்லை. முள்கொப்பைக் கொத்தி இழுப்பதற்கு, வெட்டும்போது கத்தி கல்லில் போய் மோதாமல் இருப்பதற்கு. திருப்பாச்சேத்தி அரிவாளை எடுத்துப் பாருங்கள், அதன் வளைவு வேறு. நம் ஊர் மண்ணும் மரமும் வேலையும் சேர்ந்து நம் கத்திக்கு இந்த உருவத்தைக் கொடுத்திருக்கின்றன.

இந்தக் கத்தியை நான் அடித்தேன். இது மூன்றாவது. முதல் இரண்டும் என்ன ஆயின என்று பிறகு சொல்கிறேன். நான் கொல்லர் குடும்பத்தில் பிறந்தவன் இல்லை. கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் தென்னை என்று பிழைக்கிற வீடு எங்களுடையது. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் சம்மட்டி தூக்கினேன். எனக்கு இது வயிற்றுப்பாட்டுக்கான தொழில் இல்லை, ஆசை. அந்த ஆசைக்கு இந்த ஊரில் ஒரு இடம் வேண்டும் என்று கேட்கத்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

ரப்பர் பால்வெட்டுகிற வீட்டில் பிறந்தவர்களுக்குக் கத்தியின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போகிறவருக்கு, ஒரு மரத்தில் சில நொடிதான் வேலை. இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, முப்பது பாகை சரிவில், பட்டையில் நூல்போல ஒரு சீவல். உள்ளே மரத்தை ஒட்டி உயிருள்ள மெல்லிய படலம் இருக்கிறது. கத்தி அதைத் தொடக் கூடாது. தொட்டால் அந்த இடத்தில் பட்டை திரும்பச் சீராக வளராமல் முண்டு முண்டாகிவிடும். அதற்காக அதிலிருந்து தள்ளி மேலாக வெட்டினால் பால் குறையும். இடையில் ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இடம். மழுங்கின கத்தியால் அங்கே நிற்க முடியாது, அழுத்த வேண்டிவரும், அழுத்தினால் மரம் காயப்படும். கூரான கத்தி ஒரு மரத்தின் ஆயுளில் பல வருஷத்தைக் கூட்டிக் கொடுக்கிறது. அந்தக் கூருக்குப் பின்னால் ஒரு உலை இருக்கிறது, உலைக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார். அவரை நாம் கத்தி மழுங்கும்போது மட்டும் நினைக்கிறோம்.

எங்கள் பக்கத்துப் பட்டறையின் மூத்தாசாரி ஒருமுறை உடம்புக்கு முடியாமல் இரண்டு மாதம் படுத்துவிட்டார். அந்த இரண்டு மாதத்தில் எங்கள் சுற்றுவட்டாரத்தில் கூந்தாலி முனை மழுங்கினபடியே கிடந்தது, மண்வெட்டிக்குக் காது விட்டுப்போனால் புதிது வாங்கினோம். அவர் எழுந்து வந்த பிறகு நான் போய், எனக்கு இதைக் கற்றுத் தருவீர்களா என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "மக்களே, முதல்ல துருத்தியப் போடும், அடிக்கியது அப்பறம் பாப்போம்" என்றார். ஆறு வாரம் துருத்திதான் போட்டேன். அந்த ஆறு வாரத்தில் நான் கற்றது நிறத்தைப் பார்க்க.

இரும்பு சூடாகும்போது முதலில் ஒன்றும் தெரியாது. கருப்பாகவே இருக்கும், தொட்டால் தோல் அதோடு போய்விடும். பட்டறையில் புதிதாக வருகிறவன் சுட்டுக்கொள்வது இந்தக் கருப்பில்தான், சிவப்பில் இல்லை. பிறகு மங்கின செங்கல் நிறம். அதற்கு மேல் செவ்வரளிப் பூ மாதிரி ஒரு சிவப்பு. இன்னும் ஏறினால் செந்தாழை ஆரஞ்சு, சுமார் 950 பாகை செல்சியஸ். அதுதான் அடிப்பதற்கு நல்ல இடம், சுத்தியல் பட்ட இடத்தில் இரும்பு பிசைந்த மாவுபோல நகர்வது கண்ணுக்குத் தெரியும். மஞ்சளைத் தாண்டி வெள்ளைக்குப் போய் மத்தாப்புப்போலப் பொறி சிதறினால் இரும்பு எரிகிறது என்று அர்த்தம், அந்தத் துண்டு இனி எதற்கும் ஆகாது. மங்கின பிறகும் அடித்துக்கொண்டே இருப்பதும் தப்பு, உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். "செவப்பு போச்சு, திரும்ப உலையில வையும்" என்று அவர் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லுவார். பட்டறை ஏன் இருட்டாக இருக்கிறது என்று சின்ன வயதில் நினைத்ததுண்டு. வெயிலில் இந்த நிறங்கள் தெரியாது.

அந்த முதல் இரண்டு கத்திகள். முதலாவதை அடித்து முடித்து, சிவப்பாகக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தேன். டிங் என்று சின்னதாக ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் விளிம்பிலிருந்து முதுகுவரை மயிரிழை போல ஒரு கீறல். நான் அடித்தது லாரியின் ஸ்பிரிங் பட்டை, அதில் கரிமம் அரை சதவீதத்துக்கு மேல் இருக்கும். கம்பி கட்டுகிற சாதாரண இரும்பில் அதில் பாதிகூட இருக்காது. கரிமம் கூடின எஃகு தண்ணீரில் சட்டென்று குளிர்ந்தால் தாங்காது, அதற்கு எண்ணெய்தான் பதம். அதனால் இரண்டாவதை எண்ணெயில் தோய்த்தேன். ஆனால் அதற்கப்புறம் திரும்ப இளஞ்சூட்டில் காட்டிப் பதப்படுத்தவில்லை, அவசரம். ஒரு தென்னை மட்டையில் போட்ட மூன்றாவது வெட்டிலேயே மூக்கு முறிந்து விழுந்தது. தோய்த்த எஃகு கண்ணாடி மாதிரி, கடினம் உண்டு, பொறுமை கிடையாது. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மறுபடியும் மெதுவாகச் சூடேற்றினால், முதுகிலிருந்து விளிம்பை நோக்கி நிறங்கள் ஊர்ந்து வரும். வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு கத்திரிப்பூ ஊதா, பிறகு நீலம். வைக்கோல் நிறம் 220 பாகை, நீலம் 300 பக்கம். வெட்டுகத்திக்கு விளிம்பில் பழுப்பு தட்டும்போது நிறுத்த வேண்டும். இப்போது உங்கள் கையில் இருப்பதில் அதைச் செய்திருக்கிறேன்.

எந்தச் சூட்டில் தோய்ப்பது என்பதற்கு ஒரு வழி உண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 770 பாகையில் இரும்பு தன் காந்தக் குணத்தை இழந்துவிடும். சிவந்த கத்தியை ஒரு காந்தத்தின் அருகே கொண்டுபோங்கள். இழுத்தால் சூடு போதாது. இழுக்கவில்லை என்றால், இன்னும் ஒரு நிழல் ஏற்றிவிட்டுத் தோய்க்கலாம். மூத்தாசாரிக்குக் காந்தம் வேண்டாம், அவர் கண்ணே போதும். எனக்கு இன்னும் வேண்டும்.

இப்படி ஆசைப்பட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, என்னவெல்லாம் வாங்க வேண்டும் என்று. ஒன்றும் வாங்காதீர்கள். இரண்டு மாதம் ஒரு பட்டறையில் போய் உட்காருங்கள். அதற்கப்புறமும் ஆசை இருந்தால், மார்த்தாண்டத்தில் பழைய இரும்பு விற்கிற ஆக்கர் கடையில் கிடக்கிற பழைய லாரி பிரேக் டிரம் ஒன்று போதும், அதுவே உலை. அடியில் ஒரு இரும்புக் குழாய், அதில் காற்று ஊத ஒரு கைத்துருத்தி. குழாய் வாங்கும்போது கவனியுங்கள், துத்தநாகம் பூசின ஜி.ஐ. குழாய் தீக்குப் பக்கத்தில் வரவே கூடாது. அந்தப் புகை உள்ளே போனால் இரவு குளிரும் காய்ச்சலும் நடுக்கமும் வரும். அடைகல்லுக்குத் தண்டவாளத் துண்டு நல்லது. ஆனால் அதை ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். ரயில்வே பொருளைச் சட்டவிரோதமாக வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம், ஆசைக்காக அந்த வம்புக்குப் போக வேண்டாம். கனமான ஒரு இரும்புக் கட்டை போதும், பலா அடிமரத்தில் பதித்துக்கொள்ளலாம். ஒரு கிலோவுக்குள் ஒரு சுத்தியல், ஒரு கொறடு, ஒரு அரம். பாலியஸ்டர் உடுத்துக்கொண்டு வராதீர்கள், பொறி பட்டால் உருகி உடம்போடு ஒட்டும். பருத்திச் சாரம், பருத்திச் சட்டை, மூடின செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி. சிவந்த இரும்பைச் சிமென்ட் தரையில் போடாதீர்கள், தரை வெடித்துச் சில்லு தெறிக்கும். மண்தரை நல்லது. கதவைச் சாத்திக்கொண்டு கரி எரிக்கவும் கூடாது.

கரி. அங்கேதான் உங்களை எல்லாம் இழுக்கப் போகிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

இரும்பு நமக்குப் பழசு. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த மாதிரி ஒன்றின் காலத்தைப் பொது ஆண்டுக்கு முன் 3345 என்று கணித்து, 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிக்கை வெளியிட்டது. அறிஞர்கள் இன்னும் அதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பேசட்டும். ஈரோட்டுப் பக்கம் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளையே தோண்டி எடுத்திருக்கிறார்கள். தென்னிந்திய எஃகைத்தான் ஐரோப்பியர்கள் ஊட்ஸ் என்று அழைத்தார்கள். 1819-இலும் அதையடுத்தும் லண்டனில் அதை ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. பின்னாளில் மின்சாரத்தில் உலகையே மாற்றிய அவர் ஒரு கொல்லரின் மகன். கத்தி செய்கிற ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து, நம் உலையில் பிறந்த எஃகின் இரகசியம் என்ன என்று தேடினார். எனக்கு இந்தச் செய்தி மனசுக்கு நெருக்கமானது. உலையின் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இரும்பைக் கண்டால் கேள்வி வருகிறது.

நம் குமரி மாவட்டத்திலும் இந்த வரலாறு இருக்கிறது. புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருப்பீர்கள், திருவிதாங்கூர்ப் படைத்தலைவர் டிலனாயின் கல்லறையைப் பார்த்திருப்பீர்கள். மன்னர் மார்த்தாண்டவர்மா காலத்தில், 1740-களில் அந்தக் கோட்டை புதுப்பிக்கப்பட்டபோது அதற்குள் பீரங்கி வார்க்கிற உலைக்களம் இருந்தது. இன்னும் பக்கத்தில் சிதறால் மலை. ஆயிரம் வருஷத்துக்கு மேலாகப் பாறையில் நிற்கிற அந்தச் சமணத் திருமேனிகளைப் பார்க்கிறோம், செதுக்கின கையை நினைக்கிறோம். கருங்கல்லில் உளி எத்தனை நேரம் கூர் தாங்கும்? மலையடிவாரத்தில் ஒருவர் உலை மூட்டி, மழுங்கின உளியை நாள்முழுக்கக் காய்ச்சி அடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். கல்வேலை தெரிந்தவர்களைக் கேட்டால் அப்படித்தான் இருக்கும் என்பார்கள்.

இந்த வேலை ஒரு சாதியின் கையில் அடைந்து கிடந்ததையும் பேசாமல் போக முடியாது. பிறந்த வீட்டைப் பார்த்து ஒருவன் கையில் சம்மட்டியைக் கொடுத்தார்கள், இன்னொருவன் கேட்டாலும் கொடுக்கவில்லை. இரண்டுமே அநியாயம். 1953-இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி மக்கள் எதிர்த்தார்கள், அடுத்த வருஷமே காமராஜர் அதை எடுத்தார். நாம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம், ஆனாலும் அந்த வாதம் நமக்கும் சேர்த்துத்தான். 2023-இல் மத்திய அரசு விஸ்வகர்மா திட்டம் என்று 18 கைத்தொழில்களுக்குக் கொண்டுவந்தபோதும் அதே கேள்வி எழுந்தது. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கூடாது, குறைந்த வயதை 35 ஆக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. பிறகு கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாகவே ஒன்றைத் தொடங்கியது. பதினெட்டு வயதுப் பிள்ளையைப் படிப்பிலிருந்து இழுத்து அப்பாவின் பட்டறையில் உட்கார வைக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. மூத்தாசாரியின் மகன் படித்து வெளிநாட்டில் வேலையாக இருக்கிறார், அது நல்லது. அவர் விட்டுப்போன இடத்தில் என் மாதிரி ஆட்கள், பிறப்பால் இல்லாமல் விருப்பத்தால் வந்து நிற்க வேண்டும். வாத்தியார் வரலாம், ஆட்டோ ஓட்டுகிறவர் வரலாம், நர்சு வேலை பார்க்கிற பெண் லீவு நாளில் வரலாம். சங்கப் புலவர்களில் கொல்லன் அழிசி என்று ஒருவர் உண்டு, குறுந்தொகையில் அவர் பாட்டுகள் இருக்கின்றன. உலைக்காரர் கவிதைக்கு வந்தார். கவிதை படிக்கிறவர்கள் உலைக்கு வர எது தடுக்கிறது?

அமெரிக்காவிலும் இந்தத் தொழில் கிட்டத்தட்ட அணைந்துபோன ஒன்று. குதிரை போய்க் கார் வந்தது, கொல்லன் தேவைப்படவில்லை. 1973-இல் ஜார்ஜியா மாநிலத்தில் லம்ப்கின் என்ற சிற்றூரில் 27 பேர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்று அதற்கு ஊருக்கு ஊர் கிளைகள். பல இடங்களில் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள், தெரிந்தவர் நடுவில் நின்று அடிக்கிறார், மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். செலவுக்கு அவர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒவ்வொருவரும் தாங்கள் அடித்த கொக்கியோ, வீட்டில் சும்மா கிடக்கிற இரும்போ ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். எல்லாரும் காசு கொடுத்துச் சீட்டு எடுப்பார்கள். தொப்பிக்குள் போட்டுக் குலுக்கி, சீட்டு விழுந்தவருக்கு ஒரு பொருள். காசு சங்கத்துக்கு.

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதுகூட இல்லை. 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் கிராம மையம் வைத்தார். தேனீ வளர்ப்பைப் பெட்டியோடு சேர்த்துச் சாதாரண வீட்டுக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். யாரையும் வேலையை விடச் சொல்லவில்லை. இருக்கிற வேலையோடு, வீட்டுப் பின்புறத்தில் இரண்டு பெட்டி. சந்தேகம் வந்தால் கேட்க ஒரு ஆள், தேனை விற்க ஒரு இடம். ரப்பர் இலை துளிர்க்கிற தை மாசி மாதங்களில் இலைக்காம்பில் ஊறுகிற தேனை எடுக்க இன்று எத்தனை தோட்டத்தில் பெட்டி வைக்கிறோம், நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பரம்பரையாகத் தேன் எடுத்தவர்கள் மட்டுமே வைத்திருந்தால் இது நடந்திருக்காது. கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்ததால் நடந்தது. உலைக்கு அதே வழியைத்தான் கேட்கிறேன்.

ஊருக்கு ஒரு பொது உலை. நூலகம் இருக்கிறது, விளையாட்டு மைதானம் இருக்கிறது, அதுபோல. மண்தரை, ஓலையோ தகரமோ போட்ட ஒரு சாய்ப்பு. வாரத்தில் ஒரு நாள். இடத்துக்கு ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார், அவர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மூத்தாசாரி வந்து நிற்கச் சம்மதித்திருக்கிறார். அவருக்கு நாள்கூலி கொடுக்க வேண்டும், இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பொன்னாடை போர்த்திக் கும்பிட்டு அனுப்புவது இங்கே நடக்கக் கூடாது. ஐம்பது வருஷம் அவர் கண்ணில் சேர்ந்த நிறங்களை நாம் கற்க வருகிறோம், பாட்டு வாத்தியாருக்குக் கொடுப்பதுபோல மாதக் கட்டணம் கட்டலாம். இன்னொன்று, நாம் ஆசைக்கு அடிக்கிற கத்தியை அவர் விலையைவிடக் குறைத்து விற்கக் கூடாது. விற்கவே வேண்டாம் என்பது என் கட்சி, வீட்டுக்கு வைத்துக்கொள்வோம், உறவுக்காரர்களுக்குக் கொடுப்போம்.

முதல் நாளே கத்தி அடிக்க முடியாது. ஆணியில் தொடங்குவோம். விரல் கனக் கம்பியை நுனியில் நாலு பட்டையாக இழுத்து, வெட்டி, தலையைத் தட்டி விரிப்பது. பார்க்க ஒன்றுமில்லாத வேலை, இருபது ஆணிக்கப்புறம்தான் இருபத்தொன்றாவது நேராக வரும். அப்புறம் கொக்கி. அப்புறம் தேங்காய்த் துருவிக்குப் பல் வைப்பது, அதைச் செய்து அம்மாவிடம் கொடுத்துப் பாருங்கள்.

இனி கரிக்கு வருகிறேன். நிலக்கரியில் கந்தகம் உண்டு, நாற்றமும் உண்டு. நம் ஆசாரிமார் காலங்காலமாக நம்பியது சிரட்டைக் கரி. சுத்தமான சூடு, சாம்பல் குறைவு. மூன்று நான்கு கிலோ சிரட்டை எரித்தால் ஒரு கிலோ கரி கிடைக்கும். தகர டின்னில் அடுக்கித் தீ வைத்து, புகை நீலமாக மெலியும்போது மூடி போட்டு மண்ணால் அடைத்துவிட வேண்டும், மறுநாள் திறந்தால் தட்டினால் கண்ணாடிச் சத்தம் கேட்கும் கரி. தேங்காய் உடைக்காத வீடு இந்த ஊரில் இல்லை. சிரட்டை பாதி வீட்டில் குப்பையோடு போகிறது, மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிக் கொசு வளர்க்கிறது. ஒரு வாரத்துக்கு வீட்டுக்குப் பத்துச் சிரட்டை, அவ்வளவுதான். சம்மட்டி தூக்க முடியாத அம்மாமாரும், எங்களுக்கு இதில் என்ன என்று யோசிக்கிறவர்களும் இந்த உலைக்குப் பங்காளிதான்.

அந்த வெட்டுகத்தி பின்வரிசைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன், மதிலில் இருக்கிற ஒருவன் கையை நீட்டுகிறான், பெரியவர் யாராவது பக்கத்தில் நின்று காட்டுங்கள். சிரட்டை போட வாசலில் இரண்டு சாக்கு வைத்திருக்கிறோம். வருகிற சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குத் தீ மூட்டுகிறோம், வெயில் ஏறும் முன்னால், நிறம் தெரிகிற நேரத்தில். துருத்தி போட முதலில் வருகிற நாலு பேருக்கு இடம் இருக்கிறது.